பழைய கார்பைடு விளக்கு: வாங்குமுன் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு

கேள்வி: வடசேரியில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம், தலைத்தொப்பியில் மாட்டும் பித்தளைக் கார்பைடு விளக்கு பார்த்தேன். நன்றாகத் துலக்கி வைத்திருக்கிறார். "எரியிற கண்டிஷன்தான்" என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
– குலசேகரம் வாசகர்

பதில்: பளபளப்பை விடுங்கள், அடிக்கிண்ணத்தைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த விளக்கு இரண்டு அடுக்கு: மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கார்பைடு கல். மேலுள்ள நெம்பைத் திருப்பினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழும். அப்போது கிளம்பும் அசிட்டிலீன் வாயு, கம்பளி வடிகட்டி வழியாகப் பர்னருக்கு வந்து எரியும். கிண்ணத்தில் மிஞ்சுவது நீற்றிய சுண்ணாம்பு.

முதலில் கிண்ணத்தின் மரையைப் பாருங்கள். சுண்ணாம்பு இறுகியிருந்தால் சுரண்டிவிடலாம். மரை தேய்ந்து வழுக்கினால் வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வாசர் எப்படியும் காய்ந்து வெடித்திருக்கும். அது பெரிய குறையில்லை, புதிதாக வெட்டிப் போடலாம். உங்கள் ஊரில் ரப்பருக்கா பஞ்சம் என்று ஷீட் ரப்பரை மட்டும் வெட்டிப் போட்டுவிடாதீர்கள், சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வாசர் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து கசிவுச் சோதனை. கல் போட வேண்டாம். புது வாசர் வைத்து இறுக்கி மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நெம்பை அடைத்துவிடுங்கள். பர்னரில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி ஊதிக்கொண்டே விளக்கை வாளித் தண்ணீரில் முக்குங்கள். மரையோரம் குமிழி வந்தால் வாசர் சரியாக உட்காரவில்லை. தொட்டி மூடி வழியாக வந்தால் நெம்பு அடைக்கவில்லை. உலோகத்தை ஈயம் வைத்து ஒட்டிய இடத்தில் வந்தால் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், எரிக்கக் கூடாது.

பட்டறையில் யாராவது செம்புக் குழாய் வைத்துச் சரிசெய்திருந்தால் பேரம்கூடப் பேசாதீர்கள். செம்போடு அசிட்டிலீன் சேர்ந்தால் செம்பு அசிட்டிலைடு உண்டாகும். காய்ந்த நிலையில் ஓர் உரசலே அது வெடிக்கப் போதும். செம்பு 65 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள பித்தளையில் இந்தச் சிக்கல் இல்லை.

"எரியும் நிலையில் உள்ளது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு தகராறு என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போட அந்த ஒரு வரி உதவும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: கல் எவ்வளவு போடணும்? மாம்பழம் பழுக்க வைக்கிற பொட்டலக் கல்லே போதுமா?
– அருமனை வாசகர்

பதில்: கார்பைடு வைத்துப் பழம் பழுக்க வைப்பதே 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி தடை. விளக்குக்கும் அந்தப் பொட்டலம் ஆகாது. அதில் தூள் அதிகம். தூளில் தண்ணீர் பட்டதும் வாயு ஒரே மூச்சில் குபுக்கென்று வரும், சுடர் சீறும். புளியங்கொட்டை அளவுக் கல்லே சரி.

வணிகத் தரக் கல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 300 லிட்டர் வாயு தரும். மணிக்கு 14 லிட்டர் குடிக்கும் பர்னரில் 100 கிராம் சுமார் 2 மணி நேரம் ஓடும். அதற்குக் கணக்குப்படி 56 மில்லி தண்ணீர் போதும். ஆனால் சூட்டில் ஆவியாவதும் சுண்ணாம்பு உறிஞ்சுவதும் உண்டு, இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கல் கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சுண்ணாம்பு பொங்கும், முட்ட நிரப்பினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சுடர் கோணலாக எரிந்தால் பர்னர்த் துளையில் கரி. மயிரிழை போன்ற கம்பியால் குத்துங்கள். தையல் ஊசி விட்டால் துளை அகன்றுவிடும். நெம்பை மூடினாலும் சுடர் உடனே அணையாது, ஈரக் கல் தீரும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு சுடர் எரியும்போது கிண்ணத்தைத் திறக்காதீர்கள்: காற்றில் 2.5 சதவீதம் அசிட்டிலீன் கலந்தாலே தீப்பிடிக்கும். பூண்டு நாற்றம் அடித்தால் எங்கோ கசிகிறது.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. காகிதப் பையில் வைத்த கல் காற்றின் ஈரத்திலேயே நீறிப்போகும். காற்றுப் புகாத, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். மிஞ்சும் சுண்ணாம்பு வெற்றிலைக்குத் தடவுவது போலவே இருக்கும். வாயில் வைக்காதீர்கள், அதில் கரையாத கல்லும் கந்தகக் கசடும் கிடக்கும்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் விவேக் எக்ஸ்பிரஸில் குவஹாத்தி போய், அங்கிருந்து மேகாலயா சுண்ணாம்புக்கல் குகைகளுக்குப் போகிறோம். இந்த விளக்கு போதுமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: கல்லை ரயிலில் கொண்டுபோக முடியாது, விமானப் பெட்டியிலும் விடமாட்டார்கள். குகையாளர்கள் பல பத்தாண்டுகள் இதை விரும்பிய காரணம் உண்மைதான்: ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் சுற்றிலும் பரவும், குளிரில் கை காயவும் உதவும். ஆனால் திறந்த சுடர் நைலான் கயிற்றில் பட்டால் கயிறு உருகும், அருவி நீர் தெறித்தால் சுடர் அணையும், கூரையில் கரி படியும். எல்இடி தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று, கூடவே மாற்று விளக்கு இரண்டு. செலவழிப்பதானால் அதில் செலவழியுங்கள்.

எங்கே கார்பைடு எரித்தாலும் சுண்ணாம்பைக் குகைக்குள் கொட்டக் கூடாது, திரும்பக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும் பையை இறுகக் கட்டாதீர்கள். மிச்சக் கல் உள்ளே வாயு விட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: சிதறால் மலைக் குகையில் போட்டோவுக்காக ஒரு பத்து நிமிஷம் கொளுத்தலாமா?
– தக்கலை வாசகர்

பதில்: கூடாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் அது. சமணச் சிற்பத்தில் கரி படிந்தால் துடைத்து எடுக்க முடியாது.