பெட்டி 32 கிலோ, படி 3 மாடி

பெடல் ஸ்டீல் கிட்டார் பற்றி வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: கனம். அதனால் ட்யூனிங் சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு கச்சேரியில் பெடல் ஸ்டீல் கேட்டதிலிருந்து அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. வாங்கலாம் என்று விசாரித்தால் எல்லோரும் முதலில் "அதன் கனம் தெரியுமா?" என்கிறார்கள். ஒரு கிட்டார் அப்படி என்ன கனம் இருந்துவிடப் போகிறது?

பெயரில் கிட்டார் என்று இருப்பதால் வருகிற குழப்பம் இது. தோளில் மாட்டிக்கொள்ளும் எலக்ட்ரிக் கிட்டார் மூன்றரை, நாலு கிலோ இருக்கும். பெடல் ஸ்டீல் நாலு காலில் நிற்கிற ஒரு மேசை, அதன் அடியில் ஒரு முழு இயந்திரம். 10 தந்தி போட்ட ஒற்றை நெக் (நெக் என்றால் ஒரு வரிசைத் தந்திகள் ஓடும் பலகை) கருவியே பெட்டியோடு சேர்ந்தால் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். இரட்டை நெக் என்றால் பெட்டியோடு 30 கிலோவுக்கு முன்பின் வரும், என்னுடைய பழைய கருவி பெட்டியோடு 32.

ஏன் இவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் யாராவது கருவியைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நின்று அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தையல் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்த மாதிரி இருக்கும். குறுக்கே வரிசையாக இரும்புத் தண்டுகள், ஒவ்வொரு தண்டிலும் சின்னச் சின்னக் கொக்கிகள், அவற்றிலிருந்து தந்திகளின் முனை வரை ஓடும் மெல்லிய கம்பிகள். வழக்கமான ஈ9 நெக்கில் (ஈ9 என்பது தந்திகளைச் சுருதி சேர்க்கும் ஒரு முறை) 3 பெடல், முழங்காலால் தள்ளும் லீவர் நாலோ ஐந்தோ. ஏ பெடலை மிதித்தால் 5-ஆம் தந்தியும் 10-ஆம் தந்தியும் ஒரு முழு டோன் ஏற வேண்டும், பி பெடலில் 3-ம் 6-ம் அரை டோன் ஏற வேண்டும், காலை எடுத்ததும் எல்லாம் மயிரிழை பிசகாமல் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு நெக்கின் 10 தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு மட்டுமே 100 கிலோவுக்கு மேல். அந்த இழுப்பில், அதற்கு மேல் காலால் மிதிக்கும்போது, உடல் துளி வளைந்தாலும் மிதிக்காத தந்திகளின் சுருதி இறங்கிவிடும். வாசிப்பவர்கள் இதை கேபினெட் டிராப் என்பார்கள். அது வராமல் இருக்கத்தான் கெட்டியான மேப்பிள் மரமும் இரண்டு பக்கமும் கனமான அலுமினியத் தகடுகளும். நீங்கள் கேட்டு மயங்கிய அந்த வழுக்கல் ஓசைக்கும் இந்தக் கனத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தெரிந்துகொண்டு வாங்குங்கள், வாங்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: வாசிப்பதில் களைப்பே இல்லை, மாட்டிக் கழற்றுவதில்தான் இடுப்பு போகிறது. கருவியைப் பெட்டியிலிருந்து தூக்கி நாற்காலி மேல் வைத்து, ஒவ்வொரு காலாக மாட்டுகிறேன். வேறு வழி உண்டா?

உண்டு, தயவுசெய்து இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். கருவியைப் பெட்டியிலிருந்து தூக்கவே வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளில் கருவி கவிழ்ந்த நிலையில், அடிப்பக்கம் மேலே தெரியும்படி படுத்திருக்கும், அது சும்மா வைத்த அமைப்பு இல்லை. பெட்டியைத் தரையில் திறந்து, பக்கத்தில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். கருவி பெட்டியில் இருக்கும்போதே நாலு கால்களையும் திருகுங்கள், முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் பெடல்கள் பொருத்திய பெடல் பாரை மாட்டுங்கள், பெடலையும் அடிப்பக்க இயந்திரத்தையும் இணைக்கும் பெடல் ராடுகளைக் கொக்கியில் கோத்துவிடுங்கள். அப்புறம் காலைப் பிடித்துக் கருவியை மெல்லச் சாய்த்து, ஒரு பக்கத்து இரண்டு கால்கள் தரையில் ஊன்றியதும் அப்படியே நிமிர்த்துங்கள். முழு எடையும் ஒரு நொடிகூட உங்கள் கையில் இருக்காது, பாதியைத் தரை வாங்கிக்கொள்ளும். கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். பெட்டிக்குள் சாய்த்த பிறகு ராடுகளை முதலில் கழற்றுங்கள், அவசரத்தில் ஒன்று வளைந்துவிட்டால் அன்றைய சுருதி முழுக்கப் போய்விடும்.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது மேடையில் இல்லை, கார் டிக்கியில். இரவு ஒன்றரை மணி, மழைத் தூறல், டிக்கியின் விளிம்புக்கு அந்தப் பக்கம் குனிந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டே பெட்டியை இழுத்தேன். குனிவதும் திருப்புவதும் தூக்குவதும் ஒரே நேரத்தில். பதினோரு நாள் படுக்கை. அதிலிருந்து டிக்கியில் ஒரு பழைய கம்பளம் விரித்திருக்கிறேன். பெட்டியைக் கம்பளத்தோடு விளிம்பு வரை இழுத்து, நீளவாக்கில் ஒரு முனையை மட்டும் தரையில் இறக்கி, அப்புறம் மறு முனை. சக்கரத் தள்ளுவண்டி ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும், படியில் அதன் உதவி பெரிதாக இல்லாவிட்டாலும் வாசல் முதல் படி வரை உள்ள தூரத்தை அதுதான் தாங்கும்.

இன்னொன்று, கைப்பிடி. மூன்று மாடி ஏறவேண்டிய ஒரு இடத்தில் இரண்டாவது திருப்பத்தில் பெட்டியின் கைப்பிடி ஒரு பக்கம் ரிவெட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. பெட்டியை என் தொடையால் சுவரோடு அழுத்திப் பிடித்து நின்றேன், கீழே வந்துகொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து பிடித்தார். அதற்கு முந்தின மாதமே அந்த ரிவெட் ஆடியதை நான் பார்த்திருந்தேன். ஆடுகிற ரிவெட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் வாஷர் வைத்து போல்ட் நட்டு போட்டுவிடுங்கள், அரை மணி வேலை. தூக்குவதற்கு முன்னால் எல்லாத் தாழ்ப்பாள்களும் விழுந்திருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: கருவியை மாற்ற எனக்கு மனமில்லை. வேறு எதில் எடையைக் குறைக்கலாம்?

ஆம்ப்பில், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில். பலர் கருவியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதே அளவு கனம் இன்னொரு கையில் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. பீவி நாஷ்வில் 400 போன்ற, 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பழைய ஸ்டீல் ஆம்ப்களும் லேசில் தூக்க முடியாதவை. அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பெடல் ஸ்டீலுக்குக் கரகரப்பு இல்லாத சுத்தமான ஒலி வேண்டும், அதுவும் வால்யூம் பெடலைத் திறந்துகொண்டே போய் ஓசையை நீட்டும்போது உடையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரும் பெரிய காந்தமும் தேவைப்பட்டன. இப்போது நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்களும் எடை குறைந்த கிளாஸ் டி பவர் பகுதிகளும் வந்துவிட்டன. 2019-ல் வந்த ஃபெண்டரின் டோன் மாஸ்டர் ட்வின், பழைய ட்வினில் ஏறக்குறைய பாதி எடை, 15 கிலோ. பழைய ஆம்ப் மேல் பாசம் இருந்தால் அதன் ஸ்பீக்கரை மட்டும் நியோடிமியத்துக்கு மாற்றினாலும் சில கிலோ குறையும். என் அனுபவத்தில், முதலில் ஆம்ப்பை மாற்றியவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. கருவியை அவசரப்பட்டு விற்றவர்களில் இரண்டு பேர் அதையே திரும்ப வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: வயது 63. என்னிடம் இருப்பது இரட்டை நெக். உண்மையைச் சொன்னால் பின்னால் இருக்கும், சி6 என்ற இன்னொரு ட்யூனிங் வைத்த நெக்கை வருடத்துக்கு நாலு முறை தொட்டால் அதிகம். ஒற்றை நெக்குக்கு மாறினால் கௌரவக் குறைச்சலா?

இல்லவே இல்லை. பெடல் ஸ்டீல் கலைஞர் லாயிட் கிரீன், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் ஈ9 நெக்கை மட்டும் வைத்துக்கொண்டே உச்சத்தில் இருந்தவர். அவர் பேரில் ஷோ-பட் கம்பெனி கொண்டுவந்த எல்.டி.ஜி. மாடலில் பின் நெக் இருக்கவேண்டிய இடத்தில் கை வைக்கும் மெத்தைதான் இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாதிரி, இரட்டை நெக் அளவு உடலில் ஒரு நெக் மட்டும் வைத்த கருவியில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எடை குறையாது. பின் நெக்கும் அதற்குரிய 5 பெடல்களும் அவற்றின் கம்பிகளும் போகும், ஆனால் உடலும் பெட்டியும் அதே அளவு. நிஜமாகவே கனம் குறைய வேண்டுமானால் உடலே குறுகலாக இருக்கும் ஒற்றை நெக்கைப் பாருங்கள். சி6-ன் ஜாஸ் கோர்வைகளை விட மனமில்லை என்றால் 12 தந்தி யூனிவர்சல் ட்யூனிங் இருக்கிறது, ஈ9-ம் ஏறக்குறைய சி6-ம் ஒரே நெக்கில் கிடைக்கும். விரல் பழக்கத்தை மாற்ற ஆறு மாதமாவது ஆகும், அதற்குத் தயார் என்றால் மட்டும் போங்கள்.

பெடல் வந்ததே நெக்குகளைக் குறைக்கத்தான் உதவியது என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு ட்யூனிங்குக்கும் ஒரு நெக் வேண்டும், ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் நாலு நெக் வரை வந்தது. 1954-ல் வெளியான, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாடலில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசாக்ஸ் ஓசை நின்று ஒலிக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதியை நகர்த்தியதைக் கேட்ட பிறகுதான் மற்ற ஸ்டீல் கலைஞர்களும் பெடலுக்கு ஓடினார்கள். நீங்கள் ஒரு நெக்கைக் கழிப்பதும் அந்த வழியில்தான் வருகிறது.

கேள்வி: எடை குறைந்த புதுக் கருவிகளில் ஒலி மெலிந்து இருக்குமாமே?

சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இல்லை. வாங்கும் முன் கேபினெட் டிராப் எவ்வளவு என்று பார்க்க 6-ஆம் தந்தியை மீட்டி, ட்யூனரைப் பார்த்தபடியே ஏ பெடலை மிதியுங்கள், ஏ பெடல் அந்தத் தந்தியைத் தொடாது என்பதால் முள் அசையக் கூடாது, அசைந்தால் எவ்வளவு என்று பாருங்கள். பழைய கனமான கருவிகளிலும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். எடையைக் கேட்டுவிட்டு ஒலியைத் தீர்மானிக்காதீர்கள், காதால் கேட்டுவிட்டு எடையைக் கேளுங்கள்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

முடியும், பிரித்தால். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரை வழக்கமான கட்டணம், அதற்கு மேல் 32 வரை கூடுதல் பணம், 32-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்கவே மாட்டார்கள். கருவியின் உடல் ஒரு பெட்டியில், கால்களும் பெடல் பாரும் ராடுகளும் துணிகளுக்கு நடுவில் சுற்றி இன்னொரு பெட்டியில். தந்தி மேல் வைத்து வழுக்கும் இரும்பு பாரையும் அதோடு செக்-இன் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பதில் சொல்லி மாளாது.

கேள்வி: முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. டாக்டர் 10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்கிறார். 30 வருஷம் வாசித்தேன். விட்டுவிடத்தான் வேண்டுமா?

வேண்டாம். டாக்டர் தூக்கத்தான் கூடாது என்றார், வாசிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதுகு சரியாகும் வரை பெடலை எவ்வளவு நேரம் மிதிக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கருவி காலோடு நின்றபடியே இருக்கட்டும், மேலே ஒரு துணி மூடி வையுங்கள், பெட்டியைப் பரணில் போடுங்கள். வெளியே போகும்போது குழுவில் இருப்பவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். டிரம்ஸ் வாசிப்பவருக்கு நாம் தூக்கிக் கொடுத்ததில்லையா? சின்ன இடங்களுக்கு மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத நாலு கிலோ லாப் ஸ்டீல் போதும். பெடல் தருகிற அந்த வளைவு அதில் வராது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் பார் பிடித்த கை அதில் மறக்காமல் இருக்கும்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாரையாவது விட்டு, கால்களையும் பெடல் பாரையும் தனிப் பையில் போடச் சொல்லுங்கள், பெட்டியை எடை பாருங்கள். நாலைந்து கிலோ அதிலேயே போகும். மிச்சம் எத்தனை கிலோ, உங்கள் கருவி எந்த மாடல் என்று எழுதுங்கள், எதை எதைப் பிரிக்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.