வேலியே பயிரை மேயும் நோய்: டைப் 1 சர்க்கரை பற்றிய கேள்வி பதில்

டைப் 1 சர்க்கரையைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்து வந்திருக்கிறதாமே என்று சில மாதங்களாகப் பலர் கேட்கிறார்கள். கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். சர்க்கரை நோயுள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதுகிறேன்.

டாக்டர், என் மகளுக்கு 9 வயது. மூன்று வாரம் முன்பு டைப் 1 என்று சொன்னார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இது இல்லை. நான் இனிப்புக் கொடுத்துப் பழக்கியதால்தான் வந்தது என்று மாமியார் சொல்கிறார்.

அம்மா, இனிப்பினால் இந்த நோய் வருவதில்லை. இந்த வரியை அப்படியே உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சிறு சிறு செல் கூட்டங்கள் உண்டு. அவற்றிலுள்ள பீட்டா செல்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. கிருமிகளைத் தாக்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் இந்தப் பீட்டா செல்களைப் பகையென்று எண்ணி அழிக்கத் தொடங்கிவிடுகின்றன. வேலியே பயிரை மேய்கிறது. நோய் வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கிவிடும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்கிறீர்கள்; டைப் 1 வரும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அப்படித்தான். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

பல் மருத்துவம் படிக்கிறேன். டெப்லிசுமாப் டி செல்களை எப்படித் தடுக்கிறது? எல்லா டி செல்லையும் அழித்துவிட்டால் நோயாளி கிருமித் தொற்றில் இறந்துவிட மாட்டாரா?

நல்ல கேள்வி தம்பி. டி செல்லின் மேற்பரப்பில், பகைப்பொருளை அடையாளம் காணும் ஏற்பியோடு சேர்ந்து சிடி3 என்ற புரதம் இருக்கிறது. டெப்லிசுமாப் அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புரதம். இதே புரதத்தைக் குறிவைத்த பழைய ஆன்டிபாடி ஒன்று சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அது டி செல்களை ஒரேயடியாக உசுப்பிவிட்டுக் கடுமையான காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கியது. டெப்லிசுமாபில் ஆன்டிபாடியின் வால்பகுதியை மாற்றி அமைத்திருக்கிறார்கள். அதனால் சமிக்ஞை மெல்லியதாகவே போகிறது. பீட்டா செல்லைக் கொல்லும் சிடி8 வகை டி செல்கள் சாவதில்லை, சோர்ந்துபோகின்றன. பகையைக் கண்டும் பாய மனமில்லாத நிலைக்கு வந்துவிடுகின்றன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் சில வாரங்களுக்குக் குறைந்து, பிறகு பழைய அளவுக்குத் திரும்புகின்றன. வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றலை முடக்கிவைக்கும் மருந்தன்று. 14 நாள் சிகிச்சை, அவ்வளவுதான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி இதுவே.

இன்சுலின் கண்டுபிடித்து நூறாண்டு ஆகிவிட்டது. நோயின் வேரைத் தொட ஏன் இவ்வளவு காலம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். ஆனால் இது உடல் தன்னையே தாக்கும் நோய் என்பதற்கு வலுவான சான்று 1974இல்தான் கிடைத்தது. நோயாளிகளின் இரத்தத்தில் கணையத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதை அப்போது கண்டறிந்தார்கள். 1980களில் கனடாவிலும் பிரான்சிலும் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இன்சுலின் தேவை நின்றே போனது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பிவிட்டது. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டது. ஒரு குழந்தைக்கு இன்சுலினுக்குப் பதிலாகச் சிறுநீரக நோயைக் கொடுக்க எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? அந்த வழி அத்துடன் அடைபட்டது. பிறகு நோய் வரக்கூடிய உறவினர்களுக்கு முன்கூட்டியே இன்சுலினையே சிறு அளவில் ஊசியாகவும் வாய்வழியாகவும் கொடுத்து உடலைப் பழக்க முயன்றார்கள். நோய் தடுக்கப்படவில்லை.

டெப்லிசுமாபின் கதையே நேர்க்கோடாகப் போகவில்லை. 2002இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவன் ஹெரால்டும் அவருடைய குழுவினரும், புதிதாக நோய் கண்டவர்களிடம் அது இன்சுலின் சுரப்பைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். பிறகு நடந்த பெரிய ஆய்வு அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. இன்சுலின் அளவு குறைய வேண்டும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் இறங்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து இலக்காக வைத்திருந்தார்கள். மருந்து ஏறக்குறையக் கைவிடப்பட்ட நிலைக்கு வந்தது. தவறு மருந்தைவிட அளவுகோலில்தான் அதிகம் இருந்தது என்பது என் கருத்து. நோய் முற்றுமுன் கொடுத்துப் பார்த்த, டிரையல்நெட் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பின் ஆய்வு 2019இல் வெளியானபோது காட்சி மாறியது. 76 பேர், எல்லோரும் நோயாளிகளின் உறவினர்கள். மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நோய் வர 48 மாதங்கள் ஆயின; பெறாதவர்களுக்கு 24 மாதங்கள். 2022 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது. டைப் 1 வருவதைத் தள்ளிப்போட ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான்.

நியூஜெர்சியில் இருக்கிறோம். மூத்தவனுக்கு டைப் 1. இளையவனுக்கு 10 வயது. பரிசோதித்ததில் இரண்டு ஆன்டிபாடிகள் இருக்கின்றன, சர்க்கரை இயல்பாக இருக்கிறது. உடனே டெப்லிசுமாப் போட்டுவிடலாமா? இரண்டு ஆண்டுகளுக்காக இவ்வளவு பாடா என்று என் மனைவி கேட்கிறார்.

உங்கள் மகன் இருப்பது முதல் நிலை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள், ஆனால் சர்க்கரை இயல்பு. இரண்டாம் நிலையில் சர்க்கரை சற்றே தடுமாறத் தொடங்கும்: வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199. மூன்றாம் நிலைதான் வழக்கமாக மருத்துவமனைக்கு வரும் நோய். 2022இல் தரப்பட்ட ஒப்புதல், எட்டு வயது நிரம்பி இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு. ஆகவே இப்போது செய்ய வேண்டியது மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் குளுக்கோஸ் பரிசோதனை. இரண்டாம் நிலைக்குப் போகும் நாளைக் கைநழுவ விடாதிருப்பது. ஒளிக்காமல் சொல்கிறேன்: இரண்டு ஆன்டிபாடிகள் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்படுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் இந்த அளவு வெகுவாகக் குறைவு.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. அந்த 14 நாளும் தினமும் நரம்பில் சொட்டு ஏற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி நேரம். முழுச் சிகிச்சையின் விலை, அறிமுகமானபோது, 1,93,900 டாலர். காப்பீட்டு நிறுவனத்தோடு முன்பே பேசிவைக்க வேண்டும். ஆனாலும் இரண்டு ஆண்டுகளைச் சிறிதென்று நான் நினைக்கவில்லை. 10 வயதில் ஊசி போடத் தொடங்கும் பையனுக்கும் 12 வயதில் தொடங்குபவனுக்கும் உள்ள தூரத்தை மூத்த மகனை வைத்து நீங்களே அறிவீர்கள். சிலருக்கு இரண்டைவிட அதிகமாகவும் கிடைக்கிறது. சிலருக்குப் பலனே இல்லை. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இன்னொன்று: உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் சிகிச்சைக்கு எட்டு வாரம் முன்பே போட்டு முடித்துவிட வேண்டும்.

பக்கவிளைவுகள்?

வெள்ளணுக் குறைவு பெரும்பாலோருக்கு வரும், சரியாகிவிடும். மூவரில் ஒருவருக்குத் தோலில் தடிப்பு. தலைவலி உண்டு. முதல் ஐந்து நாட்கள் காய்ச்சல், குமட்டல் வரக்கூடும் என்பதால் அதற்கான மாத்திரைகளை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். கடும் தொற்று இருக்கும்போது இம்மருந்தைத் தொடங்கக் கூடாது.

பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோமே, அது டைப் 1 வராமல் காக்கும் என்று படித்தேன்.

பாஸ்டனில் பல ஆண்டுகளாக நோயுள்ள பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப பிசிஜி போட்டு ஆராய்கிறார்கள். மிகச் சிறிய ஆய்வு. பிறந்தவுடன் போடும் ஒற்றை ஊசி டைப் 1 வராமல் காக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. காசநோய்க்காகப் போடுங்கள், அதற்கு அது தேவை.

என் அம்மாவுக்குப் புற்றுநோய்க்காக இம்யூனோதெரபி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் சர்க்கரை 500ஐத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்தவகை மருந்துகளில் பல, டி செல்களை அடக்கிவைக்கும் பிடி1 என்ற புரதக் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைக்கின்றன. அவிழ்ந்த குதிரை சில நேரம் பீட்டா செல்லையும் மிதித்துவிடுகிறது. நூறில் ஒருவர் அளவுக்கே இது நடக்கிறது. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மீளாது, ஸ்டீராய்டு கொடுத்தாலும் பயனில்லை. அம்மாவுக்கு இன்சுலின்தான் சிகிச்சை. புற்றுநோய் மருந்தைத் தொடர்வதைப் பெரும்பாலும் இது தடுப்பதில்லை. புற்றுநோய் மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி செய்யுங்கள்.

எனக்கு 26 வயது, 14 ஆண்டுகளாக இன்சுலின். எனக்கு இதில் எதுவுமே இல்லையா?

டெப்லிசுமாப் உங்களுக்கு உதவாது. காப்பாற்றப் போதிய பீட்டா செல்கள் இருந்தால்தானே! உங்களுக்கான வழி புதுச் செல்களைக் கொண்டுவந்து வைப்பது. 2025இல் வந்த ஓர் ஆய்வில், குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்கள்) வளர்த்த திட்டுகளைக் கல்லீரல் நாளத்தின் வழியே செலுத்திய 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அதே ஆண்டு வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய திட்டுகளை ஒருவரின் முன்கையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்தன. ஒரே ஒருவர், சிறு அளவு, அவர் இன்னும் ஊசி போடுகிறார். இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காலம் வரும்போது உங்கள் கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும். அது இன்றைய சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

என் தங்கை மகனுக்கு இன்சுலின் தொடங்கி இரண்டு மாதம். ஒரு கஷாயம் கொடுத்ததில் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது. அதைத் தந்தவர் ஊசியை அடியோடு நிறுத்தச் சொல்கிறார். எதிர்ப்பாற்றலைச் சரிசெய்யும் மருந்து என்கிறார்.

அண்ணா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் சுரக்கின்றன. தேவை குறைகிறது. தேனிலவுக் காலம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கஷாயம் குடிக்காத குழந்தைகளுக்கும் இது வருகிறது. சில மாதங்களில் போய்விடுகிறது. நான் மேலே சொன்ன எந்த மருந்தும், கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ளது உட்பட, நோய் வெளிப்பட்ட குழந்தைக்கு இன்சுலினை நிறுத்திவிடு என்று சொல்லவில்லை. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பழவாடை, மயக்கம் என்று அது போகும். அந்த நிலையில் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்; எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. அளவைக் குறைக்க வேண்டுமானால் மருத்துவர் குறைப்பார். இன்றைய ஊசி போட்டாயிற்றா என்று இப்போதே தங்கையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.