ஞானப்பல் எடுத்த பையனுக்கு கூழ் தரலாமா
அக்கா, நேத்து தர்மபுரில பையனுக்கு ஞானப்பல் எடுத்துட்டு வந்தோம், கன்னம் வீங்கிருக்கு, ராகிக்கூழ் தரலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா தாங்க, ஆனா நல்லா ஆறவச்சு மோர் ஊத்தி நீர்க்க கரைச்சு, வெங்காயம் மொளகா இல்லாம ஸ்பூன்ல தாங்க. ஸ்ட்ரா மட்டும் வேண்டவே வேண்டாம், உறிஞ்சினா பல்லு இருந்த குழில உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கும், அப்புறம் எலும்பு தெரிஞ்சு வலி காது வரைக்கும் இழுக்கும், பாவம் புள்ள தாங்காது. அதனாலதான் இன்னிக்கு துப்பவும் கூடாது. வீக்கம் 2, 3 நாள் ஏறிட்டுதான் எறங்கும், பயப்படாதீங்க. 24 மணி நேரம் ஆனதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணிய வாயில மெதுவா சுத்தவிட்டு தானா வழிய விடச் சொல்லுங்க. 3 நாள் கழிச்சும் வலி கூடிட்டே போனா, காய்ச்சல் வந்தா, முழுங்க கஷ்டப்பட்டா உடனே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடுங்க.