‘பிள்ளைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை சட்டத்தில் செல்லுமா?

கேள்வி:

சென்ற மாதம் எனது நான்கு வயது மகனின் பிறந்தநாளை யாழ் நகரிலுள்ள ஓர் உணவகத்தில் வைத்தோம். சாப்பாட்டு மண்டபத்தின் மூலையில் சிறுவர் விளையாட்டிடம் இருக்கிறது: சறுக்கு, வலைக்கூடு, பந்துத் தொட்டி. பில்லில் அதற்குத் தனியாகக் காசு எடுத்தார்கள். வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதற்குள்ளால் மகன் கீழே விழுந்து, இடது முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. யாழ் போதனா வைத்தியசாலையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பந்துகளுக்கு அடியில் பாவித்த பம்பஸ் ஒன்றும் கேக் துண்டுகளும் கிடந்தன. படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து நாள் கழித்து, அன்று அதே தொட்டியில் விளையாடிய என் அக்காவின் மகளுக்கு வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம். கை, கால், வாய் நோய் என்று டொக்டர் சொன்னார்.

உரிமையாளரோ, “போர்ட் போட்டிருக்கிறம்தானே, உங்கட பிள்ளையை நீங்கள்தான் பார்த்திருக்க வேணும்” என்கிறார். இப்போது ஐம்பதாயிரம் ரூபா தருவதாகவும், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தில் நானும் கணவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமாவுக்கு அவர் பழக்கம். பொலிசுக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளை விழுந்த நேரம் நான் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என்னைக் குடைகிறது. நான் என்ன செய்யலாம்?

– தாய் ஒருவர், கொக்குவில்

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் நீங்களோ கணவரோ கையெழுத்து வைக்க வேண்டாம். மாமா எவ்வளவு சொன்னாலும், மகனின் கை எப்படி ஆறுகிறது என்று எலும்பு முறிவு வைத்திய நிபுணர் எழுத்தில் தரும் வரைக்கும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேலே வரும் முறிவு சில வேளை நேராகப் பொருந்தாமல் போய், கை வளைந்து நிற்கும். எலும்பின் வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருந்தால் அதன் விளைவு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் தெரியவரலாம். முழு இழப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத இந்த நேரத்தில் ‘முழுத் தீர்வு’ என்று ஒரு தொகையை வாங்குவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. காயத்துக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்கும் உரிமை உங்களுடையதல்ல, மகனுடையது. அவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் வழக்கை அவர் சார்பில் நீங்கள் நடத்தலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது அவருக்காகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் அவசரத்தில் விற்றுவிடக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். சாப்பாட்டு மேசையில் எழுதிய கடிதத்துக்கும் அந்த நோக்கம் பொருந்தும். மருத்துவச் செலவுக்கு அவர் இப்போதே பணம் தர விரும்பினால் வாங்கலாம். ‘மருத்துவச் செலவுக்காக இத்தனை ரூபா பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பலகைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் மட்டுமில்லை, நாடு முழுவதும் இப்படிப்பட்ட பலகைகள் தொங்குகின்றன. படிக்கிற பெற்றோர் பலர், ‘எழுதிப்போட்டாங்கள், இனி என்ன செய்யிறது’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. வியாபாரம் நடத்துபவர் தமது கவனயீனத்தால் ஒருவருக்கு உயிரிழப்போ உடற்காயமோ ஏற்பட்டால், அந்தப் பொறுப்பை ஓர் ஒப்பந்த வாசகத்தாலோ அறிவித்தலாலோ கழற்றிவிட முடியாது என்பது அந்தச் சட்டத்தின் நேரடியான விதி. தொலைந்த செருப்புக்கு அந்தப் பலகை எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. முறிந்த கைக்கு உதவாது.

பலகை போனால் மிஞ்சுவது கவனயீனம். சிலர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இதற்கு இடமுண்டா என்று கேட்பதுண்டு. தேசவழமை சொத்து, சீதனம், முன்விலை உரிமை போன்றவற்றுக்குத்தான். காயத்துக்கான நட்டஈடு, நாடு முழுவதற்கும் பொதுவான உரோமன் டச்சுச் சட்டத்தின்கீழ் வருகிறது. அந்தச் சட்டம் கேட்பது இதைத்தான்: நிதானமுள்ள ஒருவர் அந்த இடத்தை நடத்தியிருந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பாரா, கண்டிருந்தால் தடுக்க நடவடிக்கை எடுத்திருப்பாரா? வலை கிழிந்தது கண்ணுக்குத் தெரிகிற விடயம். சறுக்கிலும் வலைக்கூட்டிலும் ஏறி இறங்கப்போவது சின்னப் பிள்ளைகள் என்பதும், அவர்கள் கிழிசலைக் கண்டால் அதற்குள் கையையும் காலையும் விடுவார்கள் என்பதும் அந்தத் தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பிள்ளைகளை அழைக்கிற இடத்துக்குக் கவனமும் கூட வேண்டும். அதோடு பில்லில் தனியாகக் காசு எடுத்திருக்கிறார். அந்தப் பில் தங்கம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, காசுக்கு வழங்கும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்பது எழுதாமலே அடங்கிய உத்தரவாதம்.

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது பற்றி. உணவகம் விளையாட்டிடத்தை மண்டபத்துக்குள் வைப்பதே பெற்றோர் இருந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. அதைச் சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டுவிட்டு, “ஏன் மேசையில் இருந்தீர்கள்?” என்று அவர் கேட்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கவனயீனம் சாட்டவும் முடியாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் கவனக்குறைவை நிச்சயம் எழுப்புவார். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இருதரப்பிலும் தவறிருந்தால் பொறுப்பைப் பங்கிட இடமளிக்கிறது. ஆகக் கூடினால் பொறுப்பில் ஒரு பங்கை உங்கள் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். கிழிந்த வலை அதனால் தைக்கப்பட்டதாகிவிடாது. இந்தக் குற்ற உணர்வை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசப் போகாதீர்கள். அது எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி அக்காவின் மகள். இங்கே நான் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல மாட்டேன். கை, கால், வாய் நோய் எச்சில், கொப்புள நீர், மலம் ஆகியவற்றால் பரவுகிறது. தொற்றி மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் அறிகுறி தெரியும். ஐந்து நாள் என்பது கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆனால் அந்த வாரம் பிள்ளை முன்பள்ளிக்கும் போயிருப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் விளையாடியிருப்பாள். இந்தத் தொட்டியில்தான் தொற்றியது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். நோய்க்கென்று தனி நட்டஈட்டு வழக்குப் போட நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். ஆனால் அழுக்குக்கு நோயை நிரூபிக்கத் தேவையில்லை. சாப்பாடு பரிமாறும் மண்டபத்தில் பாவித்த பம்பஸ் கிடந்தது என்பதே போதும்.

அதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நாங்கள் பி.எச்.ஐ என்று சொல்லுகிறவர்தான். உணவகம் மாநகர எல்லைக்குள் என்றால் யாழ் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவில் கொடுங்கள். எல்லை தாண்டியிருந்தால் அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு உங்கள் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். உள்ளே போய்ப் பரிசோதிக்கவும், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அவர்களுக்கு அதிகாரமுண்டு. சுகாதாரச் சீர்கேட்டுக்காகத் தண்டம் விதித்து, குறைகள் திருத்தப்படும் வரை உணவகத்தைச் சீல் வைக்கச் சொன்ன கட்டளைகளை யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் நீங்களே அடிக்கடி படித்திருப்பீர்கள். இதில் தாமதம் வேண்டாம். முறிந்த எலும்பு எக்ஸ்றேயில் கிடக்கும். பந்துத் தொட்டியை ஒரு மணித்தியாலத்தில் கழுவிவிடலாம்.

சிலர் தாங்களே பஞ்சில் துடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த எரின் கார்-ஜோர்டான் என்ற தாய் 2011 இல் துரித உணவகங்களின் விளையாட்டிடங்களில் அப்படித்தான் மாதிரி எடுத்தார். நோய்க்கிருமிகள் இருப்பதாக முடிவும் வந்தது, பெரிய விவாதமும் எழுந்தது. சில கடைகள் அவரை இனி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டன. மக்களை விழிக்க வைக்க அது உதவியது. வழக்குக்கு அது வேறு. மாதிரியை யார் எடுத்தார், எங்கே வைத்தார், இடையில் யார் கை பட்டது என்ற கேள்விகளுக்கு ஓர் அதிகாரி எடுத்த மாதிரிதான் நின்றுபிடிக்கும். உங்கள் வேலை படமும் முறைப்பாடும். படங்களை எடுத்த தொலைபேசியிலேயே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள்.

உணவகத்தின் கமராப் பதிவு இதைவிட அவசரம். அவை சில வாரங்களில் மேலெழுதப்பட்டுவிடும், ஏற்கனவே மூன்று, நான்கு வாரம் ஓடிவிட்டது. இந்த வாரமே ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, சம்பவ நாளின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேளுங்கள். கேட்ட பிறகு அது காணாமற்போனால், ஏன் போனது என்று அவர்தான் நீதிமன்றத்தில் விளக்க வேண்டி வரும்.

பொலிஸ் பற்றி வீட்டில் இருக்கும் தயக்கம் எனக்கு விளங்குகிறது. சின்ன ஊர், மாமாவின் முகமும் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு பதிவது என்றால் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது அல்ல. என்ன நடந்தது என்று அரச பதிவொன்றில் திகதியோடு ஏறுகிறது. எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையில் கடுங்காயம். கவனயீனமான செயலால் அது ஏற்பட்டால் 329 ஆம் பிரிவு பொருந்தலாம். வழக்குத் தொடர்வதா என்பதைப் பொலிசார் தீர்மானிப்பார்கள். பதிவில்லாமல் ஆறு மாதம் கழித்துப் போனால், “அப்போது ஏன் சொல்லவில்லை?” என்ற முதல் கேள்விக்கே நீங்கள் தடுமாற வேண்டி வரும். வைத்தியசாலையில் அனுமதித்தபோது அங்குள்ள பொலிசார் வாக்குமூலம் எடுத்தார்களா, சட்ட வைத்திய அதிகாரி பிள்ளையைப் பார்த்தாரா என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கிறது.

கால எல்லைகளைக் குறித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூல முறைப்பாடு சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. மருத்துவச் செலவு, நீங்கள் வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம் போன்ற பெற்றோரின் கோரிக்கைக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது இரண்டு வருடம். மகனின் சொந்தக் கோரிக்கைக்கு அவர் பராயமடையும் வரை காலம் ஓடத் தொடங்காது. ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள். சாட்சிகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுவார்கள்.

உணவகத்தின் உரிமம் நடப்பில் உள்ளதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதை மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பரிசோதகர் முன்னரே அந்த வலையைக் குறையென்று எழுதியிருந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

முகநூலில் உணவகத்தின் பெயரைப் போட்டு எழுத உங்கள் உறவினர்கள் துடிக்கலாம். இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ‘இந்தக் கடையால் பிள்ளைக்கு நோய் வந்தது’ என்ற ஒரு வரி போதும், நிரூபிக்க முடியாத அதைப் பிடித்துக்கொண்டு அவர் உங்கள்மேல் மானநட்ட வழக்குப் போடுவார்.

கோரிக்கைத் தொகை சிறிதென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு முன், இருதரப்பையும் பேசவைத்துத் தீர்க்கப் பார்க்கும் இணக்கசபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். இந்த விடயத்தில் அது கெட்ட வழியல்ல. மாமாவும் உரிமையாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசக்கூடிய இடம் அது. ஆனால் நிபுணரின் அறிக்கை கையில் வந்த பிறகு போங்கள். காசோடு நிறுத்தாமல், வலை மாற்றுவது, தொட்டியை எப்போது கழுவுவது, பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆளை நிறுத்துவது ஆகியவற்றையும் இணக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அங்கே ஏதோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் நடக்கும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள். போகும்போது பில், டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, எக்ஸ்றே, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், படங்கள் உள்ள தொலைபேசி, அவர் அனுப்பிய கையெழுத்திடாத கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டு போங்கள்.