சென்சார் தூசுக்கு எதை வாங்குவது?

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அருகே, தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன். அன்றிலிருந்து எல்லாப் படங்களிலும் வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுகிறது. கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சாரைத் துடைக்க எதை வாங்கலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் ரப்பர் ஊதுகுமிழ் ஒன்றை மட்டும் வாங்குங்கள், பெரும்பாலான தூசு அதிலேயே போய்விடும். பேட்டரியை முழுமையாக ஏற்றி, மெனுவில் சென்சார் தூய்மை முறையைத் தேர்ந்து, கேமராவின் வாய் கீழ்நோக்கியிருக்க ஊதியபின், லென்ஸ் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். வாயால் ஊதுவதும் அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டவே வேண்டாம். முன்னது எச்சிலைத் தெறிக்கும், பின்னது உந்துவாயுவின் கறையைப் படியவிடும்.

புள்ளி அசையாவிட்டால்தான் ஈரத் துடைப்பான். அதன் அகலம் சென்சாரின் உயரத்துக்கு ஒத்திருக்க வேண்டும்: ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாருக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி எனும் சிறிய வகைக்கு 16 மி.மீ. சென்சாருக்கென்றே விற்கும் திரவத்தில் ஓரிரு சொட்டு விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. அத்துடன் அதை எறிந்துவிடுங்கள். (சிக்கனம் பார்த்து ஒன்றையே மீண்டும் பயன்படுத்தி, ஒரு புள்ளியை மூன்றாக்கியவன் நான்.) படம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், வானத்தில் தெரியும் உங்கள் புள்ளியைச் சென்சாரின் கீழ்ப்பகுதியில் தேடுங்கள்.