200 ஜிபி காலி, ஆனாலும் அப்டேட்டுக்கு இடமில்லையாம்!

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), டிஸ்க் என்கிரிப்ட் செய்து நிறுவியது. சில வாரங்களாக அப்டேட் கொடுத்தால் 'பூட்' (boot, லேப்டாப்பைத் துவக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) பகுதியில் இடம் போதாது என்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கிலோ 200 ஜிபி காலி. பேசாமல் 24.04-க்கு மாறிவிட்டால் சரியாகுமா?

ஆகாது. அந்த அப்கிரேடும் முதலில் பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

என்கிரிப்ட் செய்த டிஸ்க்கைத் திறக்க நீங்கள் பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன்பே கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) லேப்டாப் படித்தாக வேண்டும். அதனால் பூட் மட்டும் பூட்டப்படாத, தனியான சின்னப் பகுதியாக இருக்கிறது. அந்த 200 ஜிபி அதற்கு உதவாது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம், துணைக் கோப்புகளோடு சேர்ந்து 100 எம்பிக்கு மேல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பழையது தானாகக் கழியாவிட்டால் நெரிசல்தான்.

இடம் கிடைக்கும்வரை லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். புதுக் கெர்னல் அரைகுறையாக இறங்கியிருந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். (ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் பயப்படாதீர்கள். லேப்டாப் துவங்கும்போது வரும் கிரப் (GRUB) மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.) டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' (sudo apt autoremove) கொடுங்கள். இப்போது ஓடுகிற கெர்னலை அது தொடாது, தேவையற்ற பழையவற்றைத்தான் எடுக்கும். எக்காரணம் கொண்டும் பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். நானே ஒருமுறை அவசரத்தில் அழித்துவிட்டு, பென் டிரைவைத் தேடி அலைந்தேன்.

அப்புறம் வழக்கமான 'சுடோ ஆப்ட் அப்டேட்' (sudo apt update), பிறகு 'சுடோ ஆப்ட் அப்கிரேட்' (sudo apt upgrade). பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். அது கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மட்டும்தான், வாங்குவது இரண்டாவது. சில பொதிகளை (பேக்கேஜ்களை) நிறுத்தி வைத்ததாகச் சொன்னால் பெரும்பாலும் பிழையல்ல. உபுண்டு சில அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத்தான் விடும். எல்லாம் முடிந்தபின் ரீஸ்டார்ட்.

24.04-க்கு அவசரமே இல்லை. 22.04-க்கு 2027 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மாறுவதென்றால் பேக்கப் எடுத்துவிட்டு, சார்ஜரைச் செருகிவிட்டு உட்காருங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும், சரி, ஆனால் ரூட்டர் தாங்காது. அதற்கு முன் ஒரு பென் டிரைவில் 24.04-ஐ ஏற்றி, நிறுவாமலே 'டிரை உபுண்டு'வில் வைஃபையும் சவுண்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.