ரீகால் வந்த எஸ்யூவியை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ரீகால் என்றால், விற்ற வண்டியில் குறை இருப்பது தெரிந்து கம்பெனியே அதைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி செய்துகொடுப்பது. ஆனால் அந்த வேலை நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிற மாதிரி ஏழு சீட் வண்டி தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரீகால் வந்தாலே மட்டமான வண்டி என்று பேசுபவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2023 ஆகஸ்ட்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. இன்ஜின் பகுதியில் வயரிங் உரசி அறுந்துபோக வாய்ப்பிருக்கிறது என்பது காரணம். அதே ஆண்டு ஜனவரியில் மாருதி கிராண்ட் விட்டாராவில் 11,177 வண்டிகளில், பின்பக்க சீட் பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட் சோதனை. அதற்கு முந்தைய ஆண்டு கியா கேரன்ஸில் 44,174 வண்டிகளுக்கு ஏர்பேக் கண்ட்ரோல் சோதனை. தப்பைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டு, காசு வாங்காமல் சரி செய்துகொடுக்கிறார்கள். கூப்பிட்டும் போகாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அப்படி ஒன்று என் கைக்கே வந்தது.

எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று சொல்ல மாட்டேன். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கவோ திட்டவோ நான் எழுதவில்லை. முதல் ஓனரிடமிருந்து வாங்கிய பெட்ரோல் எஸ்யூவி. ஆர்.சி.யில் இருந்த 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். ஃப்யூல் பம்ப் மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை என்று காட்டியது. முதல் ஓனர் போன் நம்பரை மாற்றியிருந்தார், கம்பெனி அனுப்பிய மெசேஜ் எல்லாம் பழைய நம்பருக்கே போயிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சொன்னது: “இப்ப நல்லாத்தானே ஓடுது சார். ஏதாவது வந்தா பார்த்துக்கலாம்.”

பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிற அந்த பம்ப்பின் இம்பெல்லர் (பெட்ரோலைத் தள்ளுகிற சின்னச் சக்கரம்) உப்பிப்போனால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணைந்துவிடலாம். அணைந்தால் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிடலாம். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கெட்டிப்பட்டுவிடும். எங்கள் குலதெய்வம் கொல்லிமலையில். எழுபது கொண்டை ஊசி வளைவு. அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கும்போது ‘ஏதாவது வந்தால்’ எப்படிப் பார்த்துக்கொள்வது?

“அப்போ ரீகால் பாக்கி இருக்கு, வண்டி ஓட்டலாம்னு ஜாப் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க” என்றேன் (ஜாப் கார்டு என்பது வண்டியில் செய்கிற வேலையை சர்வீஸ் சென்டர் எழுதித் தருகிற சீட்டு). எழுதவில்லை. மேனேஜர் வந்தார், பார்ட் ஸ்டாக் இல்லை என்றார். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கினேன். பார்ட் வந்தது. மாற்றிய பிறகு பில்லில் லேபர் சார்ஜ் போட்டிருந்தார்கள். ரீகாலுக்கு ஒரு பைசா கிடையாது என்று சொல்லி அதையும் நீக்க வைத்தேன். நான் சண்டைக்காரன் என்று அங்கே பெயர் வந்திருக்கும், பரவாயில்லை.

2012 முதல் ரீகால் என்பது இங்கே கம்பெனிகள் தாமாகச் செய்வதாக இருந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்த பிறகு அரசே உத்தரவு போடலாம், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வண்டி வாங்குபவர் தானேதான் விசாரிக்க வேண்டும்.

எல்லாக் குறையும் ரீகாலில் வராது. டீசல் எஸ்யூவியை ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டியாக ஓட்டினால் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர், அடைக்கும். அது வண்டியின் குற்றமில்லை. ஹைவேயில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். உங்கள் ஓட்டம் டவுனுக்குள் மட்டும்தான் என்றால் பெட்ரோல் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்துகிற கிளிப்பை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. எங்கள் ஊர் ஆக்சஸரீஸ் கடையில் அதற்குப் பிறகும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஏழு சீட்டுக்கும் வாங்கி மாட்டியிருக்கிறார். ஏர்பேக் எத்தனை என்று கேட்டு வண்டி வாங்கிய அதே மனிதர்! பெல்ட் போட்டிருந்தால்தான் ஏர்பேக் ஒழுங்காகக் காப்பாற்றும் என்று சொன்னால் சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்கிக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த மாடலுக்கு வந்த ரீகால் வேலை முடிந்ததற்கான ஜாப் கார்டையும் கேளுங்கள். பாக்கி இருந்தால் விற்பவரையே செய்துதரச் சொல்லுங்கள், அவருக்குச் செலவே இல்லை. வாங்கியதும் உங்கள் போன் நம்பரைக் கம்பெனியில் பதிந்துகொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் தர மாட்டேன் என்பவரிடம் வண்டியே வேண்டாம்.